காருக்கு அடியில் ஒரு தகடு

முடிச்சூரில் எங்கள் வாசல் நாற்பது நாள் துளி கறையில்லாமல் சுத்தமாக இருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

அதற்கு முன்பெல்லாம் காலையில் கோலம் போடக் குனியும்போதே என் மனைவி கார் நின்ற இடத்தை ஒரு பார்வை பார்ப்பாள். ஆயில் சொட்டு ஏதாவது தெரிந்தால் கோலமாவுக் கையோடு வந்து என்னை எழுப்புவாள். பழைய கார். ஒரு மழையில் இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றது. பிரேக் ஆயில் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு அத்தோடு செத்துப்போனது. அவளுக்குப் பொழிச்சலூரில் டீச்சர் வேலை. அதே பள்ளியில் படிக்கும் மகளையும் ஏற்றிக்கொண்டு தினமும் அவள்தான் ஓட்டிப்போவாள்.

எனக்கோ மைலேஜ் பைத்தியம். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் காற்று சிக்கி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது, அதை மூடிவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் அலுமினியத் தகடு போட்டு மூடச் சொன்னேன்.

"சார், தண்ணி எறங்க நாலு ஓட்ட போட்டுறவா? உள்ள இன்னா ஒழுவுதுன்னும் தெரியும்" என்றார் பட்டறைக்காரர்.

"ஓட்டை போட்டா அப்புறம் தகடு எதுக்கு?" என்று அவர் வாயை அடைத்தேன். பெரிய விஞ்ஞானி நான்.

மைலேஜ் ஏறியது. வாசலில் ஒரு சொட்டு இல்லை. "பாத்தியா, ஒழுகலும் நின்னுபோச்சு" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவளும் குனிந்து பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பிறகு ஒருநாள், "பிரேக் கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"வண்டி இப்போ லேசா ஓடுது இல்ல, அதான் உனக்கு அப்படித் தெரியுது" என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

மறுநாள் மாலை கார் தெருவுக்குள் ஊர்ந்து வந்து எங்கள் கேட்டில் முட்டி நின்றது. ஹேண்ட்பிரேக்கிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை. பின்னால் மகள் முன்சீட்டை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேம்பாலம் எறங்கறப்ப பெடல் அப்படியே உள்ள போயிடுச்சு. முன்னாடி ஒரு ஸ்கூல் வேன். ஹேண்ட்பிரேக்க இழுத்துத்தான் நிறுத்தினேன்" என்றாள்.

ஜாக்கி வைத்து அடியில் படுத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். தகடு ஒரு பக்கமாகச் சரிந்தது. துருப்பிடித்த குழாயிலிருந்து அத்தனை நாளும் சொட்டித் தேங்கிய பிரேக் ஆயில் மொத்தமும் என் நெஞ்சில் கொட்டியது. மனைவி கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலைகளில் வாசலில் சொட்டுச் சொட்டாக அவள் பார்த்திருக்க வேண்டியது அது.