மூன்று சுற்றும் முப்பத்தைந்து மார்க்கும்

சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கிற வேலையில் ஆட்களின் முகம் மறந்துபோகும், கால் மறக்காது. தொண்ணூறுகளில் ஆறு வருடம், ஓக்லண்டில் ஓர் ஐஸ் ரிங்கில் அந்த வேலை பார்த்தேன். சறுக்குச் சப்பாத்தை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, துடைப்பது, தகட்டுக்குச் சாணை பிடிப்பது. ஊரில் சாமான் அறையில் எண்ணிக்கை எழுதியவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எண்ணுவது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. நாம் எதையும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் நம்மிடம்தான் வந்து சொல்வார்கள்.

ஆறும் எட்டும்

ஒரு சனிக்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு சோடி கொடுத்தேன். அறுபத்தொரு சோடி மாற்றக் கேட்டு வந்தன. அதில் ஐம்பத்தெட்டுப் பேருக்குப் பெரிய அளவு வேண்டும். சிறிய அளவு கேட்ட மூன்று பேரும் குழந்தைகள். வளர்ந்தவர்களில் ஒருவர்கூடத் தன் காலைப் பெரிதாகச் சொன்னதில்லை.

நம் ஆட்கள் இதில் ஒரு படி மேல். மவுண்ட் ரொஸ்கிலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாவுக்குப் பின்னால் அவருடைய மச்சாள் நின்றார். அம்மா கவுண்டரில் குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: "அண்ணை, நான் ஆறு எண்டு சத்தமாக் கேப்பன். நீங்கள் பேசாமல் எட்டைத் தாங்கோ."

பல் வைத்தியம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கிழமை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முகம் குப்புற விழுவதைக் கவனித்தேன். பின்னால் விழுகிறவர்களைவிட முன்னால் விழுகிறவர்கள் அதிகம். தகட்டின் முன் நுனியில் ஐந்தாறு கூரான பற்கள் இருந்தன. அவை ஐஸில் மாட்டித்தான் ஆட்கள் விழுகிறார்கள். செய்தவன் ராவாமல் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். சாணையைப் போட்டு ஆறு சோடியை வழவழப்பாக ராவி வைத்தேன். நல்ல வேலை செய்த திருப்தி.

ஏழாவது சோடி வாடகைச் சப்பாத்து அல்ல, பயிற்சிக்கு வருகிற ஒரு பிள்ளையின் சொந்தச் சப்பாத்து. அதைக் கையில் எடுத்தபோது பயிற்சியாளர் டோரின் ஓடிவந்து பறித்தார். டோரின் கனடாக்காரி. ஒரு நியூசிலாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர், ஐம்பது வயதிருக்கும். அந்தப் பல்லைக் குத்தித்தான் பிள்ளைகள் மேலே எழும்பிப் பாய்கிறார்கள் என்று விளக்கினார். பிறகு ராவின ஆறு சோடியையும் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வேளை, நீங்கள் பல் வைத்தியராக வரவில்லை."

மூன்று பேரில் மூன்றாவது

டோரினுக்குக் கனடாவிலிருந்து தங்கை பத்திரிகைத் துண்டுகள் அனுப்புவாள். அதை வாசித்தால் அன்று முழுவதும் அவருக்கு முகம் சரியிருக்காது. கனடாச் சறுக்கலில் ஆண்கள் பக்கம் கவலையில்லை, பெண்கள் பக்கம்தான் வெறுமையாகப் போகிறது என்பார். இப்போது மேலே இருக்கிறவர்கள் விட்டால் அடுத்து யார் என்று தெரியவில்லை. அந்தரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்குகிற பிள்ளைகள் போதாது. இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லக் காரணம், காலை ஐந்தரைக்கு அந்த ரிங்கில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

அந்த வருடம் நிலானி வந்து சேர்ந்தாள். மூன்று வயதில் பெற்றோருடன் ரொறன்ரோ போய், அங்கேயே ஐஸில் வளர்ந்தவள். தகப்பன் நாதன் பொறியியலாளர். அவருக்கு ஓக்லண்டில் இரண்டு வருட வேலை கிடைத்ததால் பிள்ளையும் வரவேண்டியதாயிற்று. வயது பதினாறு. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ஆனால் மரியாதையாகச் சொல்வாள். அவளுக்கு ஒரே ஆசை. நவம்பரில், ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் நடக்கிற தேர்வுப் போட்டிக்குப் போகவேண்டும், மாமி வீட்டில் தங்கி அங்கேயே தொடரவேண்டும். அதே நவம்பரில்தான் இங்கே ஐந்தாம் ஃபோர்ம் சோதனை, நம் பத்தாம் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை மாதிரி. போனால் சோதனை இல்லை, இருந்தால் போட்டி இல்லை. தகப்பன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நியூசிலாந்துப் போட்டியிலேயே சறுக்கலாமே, பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்டேன். சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இங்கே என் பிரிவில் மூன்று பேர்தான், அங்கிள். நான் உட்கார்ந்தபடி சறுக்கினாலும் ஒரு மெடல் தருவார்கள்."

கதாநாயகன் வராத படம்

ஒரு நாள் நாதன் கவுண்டருக்கு வந்தார். ஆள் அதிகம் கதைக்கமாட்டார். எனக்கும் அதே வியாதி என்பதால் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒரு வீடியோ டேப்பை மேசையில் வைத்தார். போன வருடம் ஒன்ராறியோவில் நடந்த அதே தேர்வுப் போட்டியை அவருடைய அக்கா பார்வையாளர் வரிசையிலிருந்து படம்பிடித்து அனுப்பியிருந்தாள். "டோரின் ரீச்சரைக் கேட்டால் கெட்டிக்காரி எண்டுதான் சொல்லுவா. மகளைக் கேட்டால் அழுவாள். நீங்கள் எல்லாத்தையும் எண்ணுறனீங்களாம். அங்கத்தைப் பிள்ளையளையும் எண்ணுங்கோ, இவளையும் எண்ணுங்கோ" என்றார்.

டேப்பை என் வீட்டில், கிளென் ஈடனில், போட்டேன். கோடு கோடாக ஓடியது. என் மகன் வீட்டு டெக்கிலும் கோடுதான். கனடாவில் பதிந்த டேப் இங்கத்தைய டெக்கில் ஓடாது என்பது அந்த அக்காவுக்கும் தெரியாது, நாதனுக்கும் தெரியாது. எல்லா நாட்டு டேப்பும் ஓடுகிற டெக் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. ஒனிஹங்காவில் மளிகைக் கடையின் பின்பக்கம் தமிழ்ப் பட கேசட் வாடகைக்குக் கொடுக்கிற செல்வத்திடம். அவர் திருச்சிக்காரர். சிங்கப்பூர், லண்டன், கனடா என்று எங்கிருந்து படம் வந்தாலும் போட்டுப் பிரதி எடுப்பார்.

ஞாயிறு மத்தியானம் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குக் கொப்பியைத் திறந்தேன். பதினான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சந்தேகம் வந்த இடத்தில் செல்வத்தை நிறுத்தச் சொல்லி, திருப்பிப் போடச் சொல்லிப் பாய்ச்சல்களை எழுதினேன். வாடகைக்குப் படம் எடுக்க வந்த இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளை விழும்போதும் "ஐயோ" என்றார்கள். ஒன்றரை மணி நேரம் பொறுத்திருந்த செல்வம், பதினோராவது பிள்ளை முடிந்ததும் கேட்டார்: "சார், இவ்ளோ நேரம் ஓடுது, ஹீரோ எப்பதான் வருவாரு?"

எது கணக்கு

இனி நிலானியை எண்ணவேண்டும். மூன்று சுற்றுப் பாய்ச்சலில் பல வகை உண்டு. பின்பக்கமாக வந்து, பல்லைக் குத்தி, வந்த வளைவுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற ஒன்றுதான் கடினம். கனடாப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவது அதுதான் என்று டோரின் சொல்லியிருந்தார். அதை மட்டும் எண்ணினேன். பத்துக் காலைகள், நாற்பது பாய்ச்சல். ஒற்றைக் காலில் சுத்தமாக இறங்கியது ஒன்பது. விழுந்தது பதினேழு. மீதி பதினான்கில், எழும்பிய பிறகு பயந்தோ பிசகியோ கையை விரித்து ஒரு சுற்றோடு இறங்கிவிட்டாள்.

அந்தப் பதினான்கில்தான் தகராறு. அவை பாய்ச்சலே அல்ல, கணக்கில் சேராது என்றார் டோரின். அவர் கணக்கில் இருபத்தாறுக்கு ஒன்பது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கால் ஐஸை விட்டதை நான் பார்த்தேன். கடையிலிருந்து எடுத்துப் போன சாமானை உடைந்துபோயிற்று என்பதற்காக எடுக்கவே இல்லை என்று எழுத முடியாது. டேப்பில் இருந்த பிள்ளைகளையும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நிலானி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முழங்காலில் நீலம் பாய்ந்திருந்தது. கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், விழுந்ததை எழுதுங்கள், பரவாயில்லை. பயந்ததையும் எழுத வேண்டுமா?"

எழுதினேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு பேருக்கு இரண்டும் இடது கால் சப்பாத்தாகக் கொடுத்துவிட்டேன்.

வராதவர்கள்

நாதன் வெள்ளிக்கிழமை வந்தார். நிலானி கொஞ்சம் தள்ளி மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, கட்டவும் இல்லை. டோரின் வேலியில் சாய்ந்து நின்றார். கொப்பியை நாதனிடம் கொடுத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கல்குலேட்டரை எடுத்தார்.

"நாப்பதுக்கு ஒன்பது. இருபத்திரண்டரை. பெயில்" என்றார். டோரினின் கணக்கையும் போட்டுப் பார்த்தார். "இருபத்தாறுக்கு ஒன்பது. முப்பத்திநாலு புள்ளி ஆறு. பாஸ் மார்க் முப்பத்தைஞ்சு. ரீச்சற்றை கணக்கிலும் அரை மார்க்காலை பெயில்." ஐஸில் பாய்வதற்குப் பாஸ் மார்க் கிடையாது என்று டோரின் சொல்லிப் பார்த்தார். அவருக்கு நம் ஆட்களைத் தெரியாது. நாதன் மகளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்: "டேப்பிலை உள்ளவை எப்பிடி?"

"ஏழு பாய்ச்சல். இறங்கினது இரண்டு, விழுந்தது மூன்று, விரித்தது இரண்டு" என்றேன். இருபத்தெட்டரை. அவர்களும் பெயில்தான், ஆனால் நிலானியைவிட ஆறு மார்க் கூட. நாதன் கொப்பியை மூடினார். வாங்கில் நிலானி கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். ஆனால் கணக்கில் ஒரு வரி மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்குப் பிழை. "தம்பி, ஆட்கள் பதினான்கு பேர். அந்தப் பாய்ச்சலைப் பாய்ந்தது ஏழு பேர்தான், ஆளுக்கு ஒரு தரம்" என்றேன்.

"மற்ற ஏழு பேர்?"

"அந்தப் பக்கமே போகேல்லை. இரண்டு சுற்றோடை முடிச்சுப்போட்டினம்."

நாதன் கல்குலேட்டரைப் பார்த்தார். அதில் போட எண் இல்லை. நம் தகப்பன்மாரை உங்களுக்குத் தெரியும். பெயிலான பிள்ளையை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், சோதனைக்குப் போகாத பிள்ளையை மன்னிக்க மாட்டார்கள். அவர் கல்குலேட்டரைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, மகளுக்குக் கேட்கும்படி சொன்னார்: "சோதினைக்கே போகாததுகள் ஏழு பேர் அங்கை சறுக்கேக்குள்ளை, நாப்பது தரம் எழுதினவளை நான் என்னெண்டு மறிக்கிறது?"

இங்கே விட்ட சோதனைக்கு ஈடானதை அடுத்த வருடம் ரொறன்ரோவில் எழுதுவதாக அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் டிக்கெட் எடுத்தார்.

ஒன்பதாவது

நவம்பர் கடைசியில், ரிங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் நிறைந்திருந்த நேரம், மகளோடு போனில் பேசிவிட்டு நாதன் கவுண்டர் டெலிபோனில் கூப்பிட்டார். பதினாறு பேரில் நிலானி ஒன்பதாம் இடம். முதல் நான்கு பேருக்குத்தான் அடுத்த கட்டம். அந்தப் பாய்ச்சலைப் பாய்ந்தாளா என்று கேட்டேன். பாய்ந்தாளாம், மூன்று சுற்றும் சுற்றினாளாம், இறங்கும்போது கை ஊன்றிவிட்டாளாம். அதை எந்த நிரலில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. டோரினுக்குச் சைகை காட்டினேன். அவர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

பிள்ளை உடைந்துபோயிருப்பாளே, திரும்பி வரச் சொன்னீர்களா என்று கேட்டேன். பின்னால் ஒரு பையன் பதினொன்றாம் அளவு கேட்டு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு நாதன் சொன்னார்: "கேட்டனான் அண்ணை. 'அப்பா, எனக்கு முன்னுக்கு நிக்கிற எட்டுப் பேரிலை ஐஞ்சு பேர் முழங்கால் நோவாலை இந்த வருசத்தோடை விடுகினமாம், நான் எல்லாரையும் கேட்டுப் பாத்திட்டன்' எண்டு சொல்லுறாள்."

டோரினுக்கு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கனடாப் பெண்களின் சறுக்கலுக்கு எதிர்காலம் உண்டா என்று அவர் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை, நானும் அது ஐந்து பேரின் முழங்கால் வலியில் தங்கியிருக்கிறது என்று அவருக்கு விளக்கவில்லை.