அக்காவின் மேல் வந்தது

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் ஒரே மகள் லோகநாயகி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். ஆனால் அக்காவைப் பற்றி என்றதும் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் கை ஓடுகிறது.

அக்கா மீஞ்சூருக்குப் பக்கத்தில் பிறந்தார்கள். அம்மா காலமானதும் அப்பா எங்கள் இருவரையும் ராயபுரத்துக்கு அழைத்து வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். பிறகு மாமாவை மணந்தார்கள். மாமாவுக்குக் கப்பலில் கரி தள்ளும் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அக்கா கிடங்கில் கிழிந்த கோணிப்பைகளைத் தைக்கப் போனார்கள். அங்கே இருந்த அத்தனை பெண்களின் சிரிப்பிலும் அக்காவின் சிரிப்பு தனியாகத் தெருவரை கேட்கும்.

ஓர் ஆடி மாதம். எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. கையில் சொம்போடு நின்ற அக்கா அப்படியே சரிந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் கண் விழித்தார்கள். விழித்ததும் முகம் குங்குமமாகச் சிவந்தது.

"ஆத்தா வந்துட்டாடீ!" என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கூவினார். வேப்பிலை வந்தது, கற்பூரம் வந்தது. பட்டம்மாள் அக்காவின் காலில் விழுந்து, "ஆத்தா, எம் புள்ளைக்கு எப்போ வேலை கெடைக்கும்? ஒரு வார்த்தை சொல்லு!" என்று கேட்டார்.

அக்கா முனகினார்கள். "தண்ணி... தண்ணி குடு..."

"கேட்டீங்களா? தண்ணின்னு சொல்ட்டா! தண்ணின்னா இன்னா? ஹார்பர்தான்!"

கூட்டம் முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஆடி முடிவதற்குள் பட்டம்மாளின் பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. போதாதா? வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வாசலில் கூட்டம். தண்டையார்ப்பேட்டையிலிருந்தெல்லாம் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். அக்காவோ அடிக்கடி விழ ஆரம்பித்தார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதையும் அருள் என்றே சொன்னார்கள்.

ஒரு மாலை நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது அக்கா சொன்னார்கள்: "தம்பி, மேல வருது, மேல வருதுன்றாங்களே, எனுக்கு ஒண்ணும் வர்லடா. எல்லாம் போவுது. கண்ணு போவுது, காது போவுது, நெஞ்சு அடிக்கிறது நின்னு போவுது. அப்பால தடால்னு ஒரு அடி அடிக்கிது பாரு, அப்பதான் திரும்பி வரேன்."

"அப்போ ஏன்கா சும்மா கீற? ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போனா இன்னா சொல்வாங்க? வலிப்புன்னுவாங்க. வலிப்புக்காரி பொண்ணை எவன்டா கட்டுவான்? ஆத்தா வர்ற வூட்டுப் பொண்ணுன்னு இப்போ ஒரு மதிப்பு கீது. லோகு கழுத்துல தாலி ஏறட்டும்."

"ஏறும்போது பாக்கிறதுக்கு நீ இருக்க வாணாமா?"

அக்கா எழுந்து விளக்கேற்றப் போனார்கள். மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்கள். "இன்னாடா முழிக்கிற? ட்ராமு போயிடப் போவுது!"

பட்டம்மாளும் கூடவே ஏறிக்கொண்டார். "ஆத்தாவைப் போய் ஊசியால குத்துவாங்களா?" என்று வழியெல்லாம் அழுதார். அக்காவோ ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல வேடிக்கை பார்த்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பிடித்தார். நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். கைகால்களில் கம்பி கட்டி, இருதயம் அடிப்பதைக் காகிதத்தில் கோடாக எழுதும் யந்திரத்தோடு இணைத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "அம்மா, உங்களுக்கு வலிப்பு இல்லை. இருதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது. சில சமயம் கொஞ்சம் நின்றுவிடுகிறது. அப்போது மூளைக்கு ரத்தம் போகாததால் விழுகிறீர்கள். திரும்ப அடித்ததும் ரத்தம் பாய்ந்து முகம் சிவக்கிறது."

வலிப்பு இல்லை! அந்த இரண்டு வார்த்தைக்கு நான் அங்கேயே குதித்திருப்பேன். கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ, "ஏன் சார் நிக்குது?" என்று நானே கேட்டுவிட்டேன்.

டாக்டர் சிரித்தார். "நீங்கள் ஹார்பர் பக்கத்து ஆட்கள்தானே? மேலே இருக்கிற மேஸ்திரி தூக்கு, தூக்கு என்று கத்துகிறார். கீழே இருக்கிறவனுக்குக் காதில் விழவில்லை. அவன் தன் இஷ்டத்துக்கு மெதுவாகத் தூக்குகிறான். இருதயத்தின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே அப்படி ஆகிவிட்டது."

"எங்க கெடங்கு மேஸ்திரி கத்தினாலும் அதே கதிதான்" என்றார்கள் அக்கா. நர்ஸம்மாள்கூடச் சிரித்துவிட்டார்.

பட்டம்மாளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அப்போ எம் புள்ளைக்கு வேலை வாங்கிக் குடுத்தது யாரு?"

"அவன் நாயா அலைஞ்சான், கெடைச்சுது. நீ எனுக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலையேடீ!"

அடியோடு குணமாக்க வழியில்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்து, நாக்குக்கடியில் அடக்கிக்கொள்ள மாத்திரை கொடுத்தார். படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். அக்கா ஒன்றையும் மீறவில்லை. விழுவது நன்றாகக் குறைந்தது.

இந்தச் சமயத்தில்தான் திருவொற்றியூரிலிருந்து லோகநாயகியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமாவும் கப்பலிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார் காப்பியைக் கையில் வாங்கியதுமே, "ஒங்களுக்கு அம்மன் வருமாமே? அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தோம்" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், சம்பந்தம் முடிந்துவிடும்.

அக்கா தன் கையை நீட்டினார்கள். "புடிச்சுப் பாருங்க. அம்மன் இல்ல, என் நெஞ்சு மெதுவா அடிக்கிது, அவ்ளோதான். பெரிய ஆஸ்பத்திரில பாத்துட்டாங்க. பொண்ணையும் அழைச்சுகினு போயி காட்டிட்டேன். அவளுக்கு ஒரு கொறையும் இல்ல."

அந்த அம்மாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காப்பி ஆறியது. லோகநாயகி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல வேளை! அம்மன் வர்ற வூட்டுல சம்பந்தம் பண்ணு, பண்ணுன்னு எங்க ஊட்டுக்காரர் ஒத்தக் கால்ல நின்னாரு. எனுக்குத்தான் பயம். எதுனா பேசினா சாபம் உட்டுடுவீங்களோன்னு. இப்போ தெகிரியமா சண்டை போடலாம்!"

வீடே சிரிப்பில் அதிர்ந்தது. எல்லோரையும்விட அக்காவின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது.

கல்யாணத்தில் சம்பந்தியம்மாள் தாமே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மணமேடையில் போட்டு, "நீ நிக்காத, குந்திகினே தாரை வார்த்துக் குடு" என்று உத்தரவு போட்டார். அதன் பிறகு அக்கா சில வருஷங்கள் இருந்தார்கள். பேரனை எடுத்துக் கொஞ்சினார்கள். தெருவில் யார் மயங்கி விழுந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். போன வருஷம் ஒரு பகல் பொழுதில், பேரனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் இருதயம் ஓய்ந்தது.

அக்காவைக் கவனித்த டாக்டருக்கும், நர்ஸம்மாளுக்கும், எங்களுக்கு முன்னால் வந்து இறுதிக் காரியங்களைப் பார்த்த கிடங்குப் பெண்களுக்கும், தோள் கொடுத்த பட்டம்மாளின் பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். சம்பந்தியம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று மணிக்கட்டைப் பிடித்த அவர்கள், அக்காவின் கையை விடவே இல்லை.