முதுகு காட்டி நிற்கும் பெண்

ஒரு பெண்ணுக்கு வந்துகொண்டிருந்த வேலையை நான் நிறுத்தினேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்தே நிறுத்தினேன்.

கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டுச் சண்டைப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதிவந்தேன். உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகள்தான் அதிகம். நகரம் இடிந்திருக்கும், குடிக்கத் தண்ணீர் இராது, ஆனால் கதாநாயகியின் சட்டை மட்டும் சரியான இடங்களில் கிழிந்திருக்கும். துப்பாக்கி பிடிப்பாள், கடைசியில் எவனாவது வந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எழுதி எழுதிச் சலித்துப்போனது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு படம் மட்டும் வேறு மாதிரி. கடலில் மூழ்கிய நகரத்தில் படகோட்டும் ஒருத்தி, காயம்பட்ட நாயகனைக் கரை சேர்க்கிறாள். கடைசிக் காட்சியில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஒன்றும் பேசுவதில்லை. டப்பிங்கில் முதுகு தெரியும் இடம் வசதியானது. உதடு தெரியாததால் எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். எனக்கு வேலை கொடுத்த டப்பிங் கம்பெனியின் ஆள் சென்டிமென்ட் கேட்டார். "நீங்க இல்லாம என்னால முடியாது" என்று எழுதிக் கொடுத்தேன்.

குரல் கொடுக்க வந்தவள் பருத்திப்பட்டுப் பெண். மைக் முன்னால் சுத்தமான தமிழ், விலகினால் ஊர்ப் பேச்சு. தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா சார் இது? படம் பூரா அவதான் அவன இஸ்துகினு வந்தா. இப்போ அவன் இல்லாம முடியாதாமா?"

ஒலிப்பதிவு செய்பவர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "எழுதினதைப் பேசும்மா" என்றேன். பேசினாள். அன்று மாலையே கம்பெனி ஆளிடம், "இந்தப் பொண்ணு எதிர்த்துப் பேசுது, இனிமே கூப்பிடாதீங்க" என்றேன். யாரும் கூப்பிடவில்லை.

நான்கு வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. பழைய குரல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மேனாம்பேட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கே போனேன். துணிக்கடையில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னாள். நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கதான்னு அப்பவே தெரியும் சார். அத வுடுங்க. ரெண்டாம் பார்ட்ல அவளுக்கு எத்தன சீன்?"

"மூணு."

"அப்பறம்?"

"செத்துடுறா."

"அவன் பழி வாங்கக் கெளம்புவான், அதான?" நான் தலையாட்டினேன். "நல்லா கீது சார். சாவறதுக்குக் கூப்புட ஊடு தேடி வந்துகிறீங்க."

ஆனாலும் வந்தாள். படகுக்காரி சாவதற்கு முந்தைய காட்சியில் மறுபடியும் முதுகு. அங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. "இங்க டயலாக் விட்டுப்போச்சே சார்" என்றார் கம்பெனி ஆள். அவள் பேசமாட்டாள், பேசவைப்பதானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, போகட்டும். ரெண்டு நிமிஷத்துல சாகப்போறவதானே."

நான் வென்றது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "மொத படத்த டிவில போட்டுகினேதான் கீறாங்க. என் பொண்ணு பாக்குது சார். நீங்க இல்லாம முடியாதுன்னு சொல்றது என் கொரலு."

அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். விற்ற படத்தில் கைவைக்க முடியாது என்று ஒரு முறை பதில் வந்தது. அதன் பிறகு அவளை இரண்டு படங்களுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டிலும் அலறல் மட்டும்தான் என்று போனில் சொன்னாள்.