பூஜைப் பந்தலின் வெளிவாசல்

நடந்தவை, வரிசைப்படி:

1. கொல்கத்தாவின் டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்கு எதிரே சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள். பழைய ஜீப்ரா கோடுகள் அதற்கு அடியில் போயின.
2. இரண்டு மாதம் கழித்து அங்கே ஒரு ஆட்டோ அம்மாவை இடித்தது. கணுக்கால் எலும்பு முறிந்தது.
3. கோடு போடச் சொல்லி வார்டு ஆபீஸில் மனு கொடுத்தேன். இடத்தைப் போலீஸ் குறித்துத் தர வேண்டும் என்றார்கள்.
4. போலீஸில் கேட்டேன். வார்டு ஆபீஸ் எழுதிக் கேட்க வேண்டும் என்றார்கள்.
5. கட்டுப் பிரித்த பிறகும் அம்மா சாலையைக் கடக்கவில்லை. அவள் ஆபீஸுக்குப் போகும் மெட்ரோ ஸ்டேஷன் எதிர்ப்பக்கம். துர்கா பூஜை விடுமுறையோடு மருத்துவ விடுப்பும் முடிகிறது. அதற்குள் கடக்க முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

அப்போது நான் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. மனுவோடு அளவு போட்ட வரைபடமும் இணைத்திருந்தேன். பௌதி என்று நாங்கள் அழைக்கும் கீழ்வீட்டு வங்காளி அண்ணி அதைப் பார்த்துச் சிரித்தார். தனி ஆள் மனுவை யார் பிரிப்பார்கள், பூஜை நடத்தும் தெரு க்ளப் மூலமாகப் போ என்றார். பூஜைக்கு முன்னால் ஒரு காலை வார்டு எஞ்சினியரும் போலீஸ் அதிகாரியும் ஒன்றாக வந்து, தெரு மைதானத்தில் க்ளப் போடும் பந்தலைப் பார்வையிடுவார்களாம். அன்று பேசி முடிப்பது பூஜைக்குள் நடந்துவிடுமாம்.

மாதக்கணக்கில் நான் தனித்தனியாகத் தேடி அலைந்த இருவரும் எங்கள் தெரு மைதானத்துக்கே வரப்போகிறார்கள்!

மைதானத்துக்கு ஓடினேன். மூங்கில் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் பின்சந்து வழியாக வெளியேறுவதாகத் திட்டம். அந்தச் சந்தின் அகலத்தை அளந்தேன். மூன்று பேர் சேர்ந்து நடந்தால் அடைத்துக்கொள்ளும். வெளிவாசலை மெட்ரோ பக்கம் திருப்பினால் கூட்டம் தேங்காது, அத்தனை பேரும் எங்கள் வீட்டெதிரே சாலையைக் கடந்தாக வேண்டும்; அங்கே கோடும் போட்டாக வேண்டும். அன்று மாலையே புது வரைபடத்தை க்ளப் செக்ரட்டரியிடம் கொண்டுபோனேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "எல்லாரும் பந்தலுக்கு உள்ளே வர வழி கேப்பாங்க, மா. வெளியே போறதுக்கு ப்ளான் போட்டுட்டு வந்த மெட்ராஸிப் பொண்ணு நீதான்" என்றார் வங்காளத்தில். பிறகு குழி தோண்டுகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார்.

பார்வையிட வந்த காலை, டேப்போடு நானும் நின்றேன். ஜனம் எங்கே கடக்கும் என்று போலீஸ் அதிகாரி கேட்டார். நான் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைச் செக்ரட்டரி காட்டினார். அதிகாரி எஞ்சினியரைப் பார்த்தார், எஞ்சினியர் அதிகாரியைப் பார்த்தார். "பஞ்சமிக்குள்ள, கூட்டம் வர்றதுக்கு முன்னால வேணும் தாதா" என்றார் செக்ரட்டரி, எந்த அண்ணன் என்று சொல்லாமல் இருவருக்கும் பொதுவாக.

நாலாம் நாள் பெயிண்ட் வந்தது. பால்கனியிலிருந்து ஒவ்வொரு பட்டையாக எண்ணி, அம்மாவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

பூஜை நாட்களில் போலீஸ்காரர்கள் கயிறு பிடித்து வண்டிகளை நிறுத்தினார்கள். அம்மா பால்கனியில் நின்று பார்த்தாள், இறங்கவில்லை. விடுமுறை முடிந்த காலை கயிறும் இல்லை, போலீஸும் இல்லை. அம்மா டிபன் டப்பாவோடு கோட்டின் ஓரத்தில் நின்றாள். நான் கையை நீட்டினேன்.

"நீ இங்கயே நில்லு. நாளைக்கும் நீயா வந்து கூட்டிண்டு போவே?"

ஒரு மினிபஸ் வந்தது. அம்மா முதல் பட்டையில் கால் வைத்து, கையை உயர்த்தினாள். பஸ் கோட்டுக்கு முன்னால் நின்றது. கண்டக்டர் ஏதோ திட்டினார். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதன் பிறகு அந்தக் கோடுகளுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், இரண்டும் பூஜைக்கு முன்னால். சிக்னல் கேட்டு க்ளப் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அம்மா வேலைக்குப் போகிறாள்.