முட்டியும் ரப்பர் புஷ்ஷும்

மேவிஸ் ஹிங்லியின் கையிலிருந்து ஒரு நோயாளியும் வழுக்கி விழுந்ததில்லை. விழப் பார்த்தவர்கள் நிறையப் பேர். சோப்பு நுரையோடு குளியல் தொட்டியிலிருந்து துள்ளிய முன்னாள் போலீஸ்காரர் ஒருவர். கழிப்பறைக்குப் போகும் வழியில் திடீரென்று நடனமாட ஆசைப்பட்ட திருமதி ப்ரோபர்ட். எல்லாரையும் மேவிஸ் பிடித்து நிறுத்தினாள், உட்கார வைத்தாள், போர்வை போர்த்திவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள். இங்கிலாந்தின் ப்ரோம்ஸ்குரோவ் வட்டாரத்தில் வயதானவர்களைக் கழுவித் துடைத்து உடுத்துவதே வேலையாக இருந்தவள், இப்போது அவளே வயதானவள். ஆனால் அவளை யாரும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய வேலைக்கு மூன்று விதிகள் இருந்தன. தூக்காதே, உருட்டு. இழுக்காதே, சாய்த்து எடு. தூக்குக் கருவியின் எல்லா வாரையும் இறுக்கி மாட்டும்வரை யாரையும் கீழே இறக்காதே.

மூன்றாவது விதிதான் இந்த வசந்தத்தில் அவள் காலை வாரிவிட்டது.

அவள் கணவன் டெரிக்கிடம் பச்சை நிற எம்.ஜி. கார் ஒன்று உண்டு. இரண்டே இருக்கை, துணிக்கூரை, அவர்கள் மூத்த மகனைவிட வயதில் பெரியது. திருமணமான நாளிலிருந்து மேவிஸ் அதன் ஓட்டுநர் இருக்கையில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள். டெரிக் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "அழுத்து" என்றால் பிரேக்கை அழுத்துவாள், "விடு" என்றால் விடுவாள். வண்டி நகரும்போது மட்டும் அந்த இருக்கையில் அவளுக்கு இடமில்லை.

"கிளட்ச் கொஞ்சம் கோபக்காரன் மேவிஸ். தெரியாத காலை வெச்சா முறைச்சுக்குவான்" என்பான் டெரிக்.

"நாப்பது வருஷமா உன் கோபத்தையே சமாளிக்கறேன். அவன் எம்மாத்திரம்?"

சாவி டெரிக்கின் கம்பளிச் சட்டைப் பைக்குள் போய்விடும்.

மார்ச்சில் டெரிக்கின் இடது முட்டியை எடுத்துவிட்டுப் புது முட்டி வைத்தார்கள். அதே மார்ச்சில் எம்.ஜி.யின் பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் 'டொக்' என்று முனக ஆரம்பித்திருந்தது. பின் அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின் முனைகளில், இரும்பும் இரும்பும் உரசாமலிருக்க ரப்பர் புஷ் போட்டிருப்பார்கள். அது தேய்ந்து, வெடித்து, திராட்சைவற்றல் மாதிரி ஆகியிருந்தது.

"உனக்கும் அதுக்கும் ஒரே வியாதி. நடுவுல இருந்த மெத்தை போச்சு" என்றாள் மேவிஸ்.

புது புஷ்கள் தபாலில் வந்துவிட்டன. மாட்டத்தான் ஆளில்லை. ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை டெரிக்கின் கார் கிளப்பின் வசந்த ஓட்டம். பழைய வண்டிகள் எல்லாம் வரிசையாகக் க்ளென்ட் குன்றைச் சுற்றிப் போய், ஒரு மதுக்கடை வாசலில் நின்று, பன்றியிறைச்சி வைத்த ரொட்டி தின்றுவிட்டுத் திரும்பும். டெரிக் அதை ஒரு வருடமும் விட்டதில்லை. கிளப்பின் செயலாளர் வில்ஃப் இரண்டு முறை போன் செய்துவிட்டான்: "கவலையே படாத டெரிக்கு. உன் வண்டிய நான் ஓட்டிட்டு வர்றேன். உனக்குப் புண்ணியம், எனக்கு ஒரு சவாரி."

வில்ஃப் கியர் மாற்றுகிற சத்தத்தைப் பக்கத்துத் தெருவில் நின்றே கேட்கலாம். அதனால் டெரிக்குக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, டோஸ்ட்டில் மார்மலேட் தடவிக்கொண்டே மேவிஸ் பேரத்தை வைத்தாள்.

"புஷ்ஷ நான் மாட்டறேன். நீ சொல்ற மாதிரியே, ஒரு நட்டு பிசகாம. நீ நான் சொல்ற மாதிரி முட்டிப் பயிற்சியச் செய், காலையும் சாயந்தரமும். ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் முட்டி கிளட்ச் மிதிக்கற அளவுக்கு மடங்குச்சுன்னா நீ ஓட்டு. மடங்கலைன்னா நான் ஓட்டறேன்."

"வேலையில ஏதாவது தப்பு பண்ணினா?"

"வில்ஃபைக் கூப்பிட்டுக்கோ."

டெரிக் நீண்ட நேரம் தேநீரைக் கலக்கினான். பிறகு தலையாட்டினான்.

வேலை அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. படுத்தே கிடக்கிற ஒரு பெரிய மனுஷியைப் பார்த்துக்கொள்வது போலத்தான். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, உடம்புக்கு அடியில் தாங்கிகளை நிறுத்தினாள். பின் சக்கரங்களைக் கழற்றி, அச்சுக்கு ஜாக்கியை முட்டுக் கொடுத்தாள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வைத்திருந்ததால் அவை கொஞ்சம் புலம்பிவிட்டு வெளியே வந்தன. டெரிக் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு, ஊன்றுகோலால் காற்றில் படம் வரைந்துகொண்டிருந்தான்.

"புது புஷ்ஷ அப்படியே குத்தாத. சோப்புத் தண்ணி தடவணும். வாசலின் பக்கமே போயிடாத, ரப்பர் ஊறிப் போயிடும்."

"வாசலின் ரப்பரைக் கெடுக்கும்னு எனக்குச் சொல்றியா? கையுறையும் குழாயும் மாட்டியே காலத்தைக் கழிச்சவகிட்ட?" மேவிஸ் ஏப்ரன் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அலமாரியில் தங்கிவிட்ட, நீரில் கரைகிற ஜெல்லி.

டெரிக்கின் முகம் சிவந்தது. "அடியே, அது எதுக்குப் போடறதுன்னு எனக்குத் தெரியும். என் எம்.ஜி.க்கா?"

"பயப்படாத, அதுக்கு வெக்கமெல்லாம் கிடையாது. உன்னை மாதிரி முனகவும் செய்யாது."

ஜெல்லி தடவிய புஷ்ஷை லேசாகத் திருகிக்கொண்டே அழுத்தினாள். அது சட்டென்று உள்ளே போய் உட்கார்ந்தது. டெரிக் நாற்காலியில் முன்னால் நகர்ந்து எட்டிப் பார்த்தான். வருடக்கணக்காக அவன் இதே வேலையைச் சுத்தியலோடும் கெட்ட வார்த்தைகளோடும் செய்துவந்தவன்.

கடைசி நட்டு வரை எல்லாம் ஏறியது. அப்போது டெரிக் ஊன்றுகோலைத் தரையில் தட்டினான்.

"இதை மட்டும் நல்லாக் கேட்டுக்கோ. நட்டையெல்லாம் இப்ப விரலால திருகற அளவுக்கு மட்டும் விடு. வண்டி சக்கரத்துல இறங்கி, தன் பாரத்துல உட்கார்ந்த பிறகுதான் முறுக்கணும். அந்தரத்துல தொங்கறப்ப முறுக்கினா, ரப்பர் அந்த நிலையிலயே கவ்விக்கும். அப்புறம் பாரம் இறங்கறப்ப முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிடும்."

"கேட்டுக்கிட்டேன். நீ உள்ள போய் முட்டிய மடக்கு."

அவன் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். சற்று நேரத்தில் வரவேற்பறையிலிருந்து, "மடக்கறேன், நீட்டறேன்! மடக்கறேன், நீட்டறேன்!" என்று குரல் கேட்டது. கூடவே தொலைக்காட்சியில் ஸ்நூக்கர் பந்து குழியில் விழும் சத்தமும் கேட்டது.

மேவிஸ் சக்கரங்களை மாட்டினாள். ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தாள். அங்கேயே நின்றாள். நட்டுகள் தளர்வாக இருந்தன. ஒரு முழு வண்டி, தளர்வான நட்டுகளில், கீழே இறங்கப் போகிறது. வார் மாட்டாத தூக்குக் கருவியில் திருமதி ப்ரோபர்ட்டை இறக்குவது போல. கொஞ்சமாவது இறுக்கலாம் என்று ஸ்பானரை எடுத்தாள். கொஞ்சம் என்பது கொஞ்சத்தோடு நின்றால்தானே. கை பழகிய கை. எல்லா நட்டையும் இறுதிவரை முறுக்கிவிட்டு, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, வண்டியை இறக்கினாள்.

இறங்கியது. ஆனால் முழுக்க இறங்கவில்லை.

டெரிக் வந்து பார்த்தான். எம்.ஜி.யின் பின்பக்கம் வாலைத் தூக்கிய பூனை மாதிரி நின்றது. அவன் பின் பம்பரைக் கையால் அழுத்தினான். அது விறைப்பாக எதிர்த்தது.

"முறுக்கிட்ட."

"வாரு மாட்டாம நான் யாரையும் இறக்கினதில்லை."

"இது கிழவி இல்லை மேவிஸ், காரு!"

"இருக்கட்டுமே. விழுந்தா வலிக்கும்ல."

"நான் என்ன சொன்னேன்? விரலால மட்டும்னு சொன்னேனா இல்லையா?" கிடைத்த வாய்ப்பில் டெரிக்கின் குரல் ஒரு படி உயர்ந்தது. "பேரம் முடிஞ்சுது. வேலை தப்பு. நான் வில்ஃபைக் கூப்பிடறேன்." சொன்னதோடு நில்லாமல் நொண்டிக்கொண்டே போய்ப் போனும் செய்துவிட்டு வந்தான்.

மேவிஸ் கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள். தப்பு அவளுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு.

"சரி. உக்காரு. முட்டிய மடக்கிக் காட்டு."

"எதுக்கு இப்ப?"

"மடக்கு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கால் இஸ்திரிப் பலகை மாதிரி நேரே நீட்டி நின்றது. பற்களைக் கடித்தான். பாதம் ஒரு பிஸ்கட் அகலத்துக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது.

"மடக்கறேன், நீட்டறேன்னு கத்தினது யாரு?"

"வாயால மடக்கினேன்" என்றான் டெரிக், தரையைப் பார்த்து.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான், ஆனால் சாவி இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டே.

"தப்புக்குத் தப்பு சரியாப் போச்சு" என்றாள் மேவிஸ். "இப்ப ரப்பர் கிழியறதுக்கு முன்னாடி சரி பண்ணணும். என்ன செய்யணும், சொல்லு."

கராஜ் தரையில் ஆள் இறங்கும் குழி ஒன்று இருந்தது, மேலே பலகை மூடி. வண்டியைத் தள்ளி அதன்மேல் நிறுத்தினால் சக்கரத்தில் நின்றபடியே அடியில் போய் நட்டைத் தளர்த்தலாம், மறுபடி முறுக்கலாம். "உள்ள ஒரு ஆள் பாரம் இருந்தா இன்னும் உசத்தி" என்றான் டெரிக். "உருளைக்கிழங்கு மூட்டை ஏதாவது இருக்கா?"

மேவிஸ் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "பதினஞ்சு ஸ்டோன் எடையில ஒரு மூட்டை எதிர்லயே நிக்குதே."

"என்னால இதுல ஏற முடியாது. சீட்டு தரையில கிடக்கு."

"திருமதி ப்ரோபர்ட்டை இதைவிடச் சின்ன வண்டியில ஏத்தியிருக்கேன். அவங்களுக்கு ரெண்டு முட்டியும் மடங்காது, பாடிக்கிட்டே வேற இருந்தாங்க."

பலகையை எடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக் குழிமேல் நிறுத்தி, இடது இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினாள். அதன்மேல் கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்தாள். டெரிக்கைத் திருப்பி நிறுத்தி, கை கொடுத்து, முதுகு உள்ளே போகும்படி மெல்ல உட்கார வைத்தாள். பிறகு கால்களோடு சேர்த்து ஒரே திருப்பு. வழுவழுப்பான பையின்மேல் அவன் தட்டில் வைத்த புட்டிங் போலச் சுழன்று முன்பக்கம் பார்த்தான். விறைத்த கால் நீட்டிக்கொள்ள இடம் போதுமாக இருந்தது.

"அட!" என்றான்.

மேவிஸ் குழிக்குள் இறங்கினாள். நட்டுகளைத் தளர்த்தினாள். கடைசி நட்டு விட்டதும் தலைக்கு மேலே எம்.ஜி. நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தாழ்ந்து உட்கார்ந்தது. நாள் முழுக்க நின்றவள் செருப்பைக் கழற்றியது மாதிரி. இப்போது முறுக்கினாள், ஒவ்வொன்றாக, இறுதிவரை.

"எப்படி இருக்கு?" என்று மேலிருந்து குரல்.

"உன்னைவிட ஒழுங்கா உக்காந்திருக்கு."

மேலே வந்து கைகழுவினாள். டெரிக் கதவுப் பக்கம் கையை நீட்டினான். "சரி, தூக்கி விடு. முடிஞ்சுதில்ல."

"தூக்கறது என் வழக்கம் இல்லை" என்றாள் மேவிஸ். "நோயாளியத் தனியா விட்டுட்டுப் போறதும் வழக்கம் இல்லை. அதனால நானும் உக்காந்துக்கறேன்." வண்டியைச் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அடிப்பாவி" என்றான் டெரிக்.

"நான் கட்டாயப்படுத்தலை. எறங்கணும்னு சொல்லு, இந்த நிமிஷமே எறக்கி விடறேன். யோசிச்சுச் சொல்லு."

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கராஜ் வாசலில் நிழல் விழுந்தது. வில்ஃப். ஓட்டுநர்கள் போடும் தோல் கையுறையை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"கூப்பிட்டியாமே டெரிக்கு! ஞாயித்துக்கிழமை வரை எதுக்கு, இப்பவே ஒரு சுத்து சுத்திப் பார்க்கலாமே. மேவிஸ், நீங்க கொஞ்சம் எறங்கறீங்களா?"

மேவிஸ் இறங்கவில்லை. அசையவும் இல்லை. டெரிக்கையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின்மேல் கைகளை வைத்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய பழைய சக்கர மூடியில் அவள் முகம் அகலமாகத் தெரிந்தது.

டெரிக் வில்ஃபின் கையுறையைப் பார்த்தான். அதில் கட்டைவிரல் பக்கம் தேய்ந்திருந்தது, கியர்க் கம்பியை முரட்டுத்தனமாகப் பிடித்துத் தேய்ந்த தேய்வு. அவன் கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது. சாவியை எடுத்தான். நீட்டினான். வலது பக்கம்.

"தள்ளி நில்லு வில்ஃப்" என்றான். "ஞாயித்துக்கிழமையும் சேர்த்துத்தான். அவ ஓட்டுவா."

வில்ஃப் தள்ளித்தான் நின்றான், ஆனால் போதுமான அளவு தள்ளி நிற்கவில்லை. மேவிஸ் ரிவர்ஸ் கியரைத் தேடியபோது வேறு இரண்டு கியர்கள் கிடைத்தன, மூன்றாவது முயற்சியில் வண்டி பின்னால் பாய்ந்தது, வில்ஃப் வேலிச் செடிக்குள் போய்விட்டான். "மன்னிச்சுக்கோங்க வில்ஃப்!" என்று அவள் கூவியபோது வண்டி தெருவில் இருந்தது.

முதல் குழியில் பின்பக்கம் சத்தமில்லாமல் இறங்கி ஏறியது. டெரிக் கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "ரெண்டாவது கியர்" என்றான். அவள் போட்டாள். "மூணு." அதையும் போட்டாள்.

பிரதான சாலை முனையில் மேடு. நிறுத்தி, பார்த்து, கிளட்சை விடும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிட்டது. பின்னால் வந்த ரொட்டிக்கடை வேன் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. மேவிஸின் காது நுனிகள் சூடாகின. இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தான், சொல்லட்டும் என்று நினைத்தபடி அவள் சாவியைத் திருப்பினாள்.

டெரிக் திரும்ப முடியாத உடம்போடு கையை மட்டும் கதவுக்கு மேலே தூக்கி, வேனைப் பார்த்து ஆட்டினான்.

"பொறுய்யா! டிரைவர் மேல தப்பில்லை, வண்டிதான் பழசு!"

"கையை உள்ள வை" என்றாள் மேவிஸ், கிளட்சை மெல்ல விட்டபடி.