நடுப்பலகை

எங்கள் மூவரில் யாரும் தன் தூண்டிலில் தானே இரை மாட்டுவதில்லை. இந்த மராட்டிய ஊரின் கேம்ப் பகுதியில் ஒரே சர்ச்சில் பாடி, ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வளர்ந்த காலத்திலேயே வந்த வழக்கம் அது. மீன் சிக்காத நாளெல்லாம் சண்டையில் முடிந்ததால் நாங்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். மீன் வந்தால் பெருமை மாட்டியவனுக்கு, வராவிட்டால் திட்டும் மாட்டியவனுக்கு. அடுத்தவன் தூண்டிலைத் தொடக் கூடாது என்பதும் அதிலேயே சேர்த்தி.

பிற்பாடு ஒருவன் தொழிற்சாலையில் சேர்ந்து நிக்டியில் வீடு வாங்கினான். அவன் நிக்டிக்காரன் ஆனான். இன்னொருவன் கம்ப்யூட்டர் படித்து ஹிஞ்சேவாடியில் வேலைக்குப் போனான். அவன் ஹிஞ்சேவாடிக்காரன். நான் கேம்ப்பிலேயே ஓர் அலுவலகத்தில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டேன். நான் நிக்டிக்காரனுக்கு இரை மாட்டுவேன், அவன் ஹிஞ்சேவாடிக்காரனுக்கு, ஹிஞ்சேவாடிக்காரன் எனக்கு. படகில் உட்காருவதும் அப்படித்தான். பின்னால் துடுப்போடு நிக்டிக்காரன், முன்னால் நான், நடுப்பலகையில் ஹிஞ்சேவாடிக்காரன். கரையில் ஒரு பெரிய கல் இருக்கிறது. படகை அதோடு பக்கவாட்டில் அணைத்ததும் நடுப்பலகைக்காரன் முதலில் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொள்வான். அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் எழுவோம். முந்திக்கொண்டு எழுந்து ஒருமுறை மூவரும் நனைந்திருக்கிறோம்.

போன மழைக்காலத்துக்கு முன்பு, மீன் பிடிக்கப் போக இருந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம், ஹிஞ்சேவாடிக்காரன் கம்பெனி காரில் திரும்பிக்கொண்டிருந்தான். வழக்கம்போல நெரிசல். நிக்டிக்காரன் போன் போட்டு, இரைக்கு மாவு பிசையலாமா என்று கேட்டிருக்கிறான். “வந்துட்டே இருக்கேம்ல” என்று பதில் வந்தது. அவன் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனை அந்த நெரிசலிலிருந்து யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை.

நிக்டிக்காரன் அடக்கத்துக்கு வந்தான். குழியில் மண் மட்டும் போடவில்லை. அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்று நான் நினைத்தேன். மாதங்கள் போயின. ஒரு நாள் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, இவுக தெனமும் அந்த நம்பருக்குப் போன் போடுறாக. அந்த நம்பரு இப்ப வேற யாருக்கோ போயிருச்சு. அந்தம்மா ராங் நம்பர்னு ஹிந்தில சொல்லுது. இவுக, பர்வா நை, அவன் வந்தாச் சொல்லுங்கன்னுட்டு வைக்காக.”

நான் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தேன்.

“நீங்கதான் அவுகளச் சொல்ல வைக்கணும்ணே. அவன் செத்துட்டான்னு ஒருவாட்டி வாயத் தொறந்து சொல்லிட்டாப் போதும். எனக்குப் பயமா இருக்கு. அவுகளும் அங்கயே போயிருவாகளோன்னு இருக்கு.”

அதற்காகத்தான் போன சனிக்கிழமை அவனை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். நான் கொஞ்சம் முன்கோபி. பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். முள்ளை முள்ளிருக்கும் இடத்தில்தானே எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு மேலே, பவனா ஆறு அகலமாகித் தேங்கி நிற்கும் இடம் அது. எங்களுக்கு எப்போதும் படகு கொடுக்கும் மராட்டிக்காரர் கரையில் இருந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

“திஸ்ரா குடே?” மூணாவது ஆள் எங்கே என்று கேட்டார்.

“யேதோய்” என்றான் நிக்டிக்காரன். வந்துகொண்டிருக்கிறான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவரே கல்லில் நின்று படகைப் பிடித்துக்கொண்டதால் ஏறிவிட்டேன்.

நடு ஆற்றில் படகை நிறுத்தினோம். நிக்டிக்காரன் தூண்டில் பையைப் பிரித்தான். மூன்று தூண்டில்களும் எப்போதும் அவன் வீட்டில்தான் இருக்கும். மூன்றையும் கொண்டுவந்திருந்தான். மாவில் பெருங்காய வாசனை தூக்கலாக அடித்தது. ஹிஞ்சேவாடிக்காரனின் பக்குவம் அது. நான் மாவை உருட்டி நிக்டிக்காரனின் முள்ளில் மாட்டிக் கொடுத்தேன். அவன் கொஞ்சங்கூடத் தயங்காமல் மூன்றாவது தூண்டிலை எடுத்து, இரை மாட்டி, நீரில் வீசி, அதை நடுப்பலகையில் சாய்த்து வைத்தான். அந்தத் தூண்டில் நுனியில் ஒரு சின்ன மணி உண்டு. ஹிஞ்சேவாடிக்காரன் படகில் ஏறியதும் தூங்கிவிடுவான் என்று நாங்கள் கட்டிவிட்டது. அது ஒருமுறை கிணுங்கி அடங்கியது.

எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது. என் தூண்டிலை எடுத்து மறுபக்கம் வீசிவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. தூரத்தில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளின் நிழல் கரையோரம் தண்ணீரில் கிடந்தது. பின்னால் நிக்டிக்காரன் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் யாருக்கோ பதவி உயர்வு, மகளுக்குப் பரீட்சை. என்னிடம் சொல்கிறான் என்று “ம்” கொட்டினேன். நான் “ம்” கொட்டாத இடங்களிலும் அவன் நிறுத்தி, கேட்டுக்கொண்டு, பிறகு தொடர்ந்தான். அது புரிந்ததும் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் மணி அடித்தது.

திரும்பினேன். நடுப்பலகையில் தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. அடிக்கட்டை பலகையில் உரசிக்கொண்டு மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்தது.

“இழுல!” என்று கத்தினேன்.

“அவன் தூண்டில்ல நா எப்டில கை வைக்க?”

“அவன் எங்கல இருக்கான்? கிறுக்குப் பாகல் மாதிரிப் பேசாத. இழு!”

“நீ இழேன்” என்றான்.

கைக்கெட்டும் தூரம்தான். என் கை போகவில்லை. இத்தனை பேசிய என்னால் அந்தக் கட்டையைத் தொட முடியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூண்டில் விளிம்பில் ஏறித் தூக்கிக்கொண்டது.

நிக்டிக்காரன் காலிப் பலகையைப் பார்த்து, தொண்டை கிழிய, “எந்திரில!” என்று கத்தினான். “ஏல, எந்திரில! மீனு போவுதுல!”

யாரும் எழுந்திருக்கவில்லை. தூண்டில் வழுக்கி வெளியே பாய்ந்த கணத்தில் அவன் பலகையின் மேல் குப்புற விழுந்து கட்டையைப் பிடித்துவிட்டான். படகு ஆடியது. நான் மறுபக்கம் சாய்ந்து கொடுத்தேன். வெகுநேரம் போராடி இழுத்தான். நல்ல கட்லா. முள்ளைக் கழற்றி, இரண்டு கையாலும் மீனைத் தாங்கித் தண்ணீரில் விட்டான். அது கொஞ்ச நேரம் அவன் விரல்களுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு உள்ளே போயிற்று.

மீன் போராடியதில் என் நூலும் மணித் தூண்டிலின் நூலும் சிக்கிக் கிடந்தன. பிரிப்பதற்காக என் தூண்டிலை இழுத்தேன். முள் சுத்தமாக மினுங்கியது.

“சாப்ட்டுட்டுப் போயிருச்சு” என்றேன்.

அவன் முள்ளையே பார்த்தான். “ஒனக்கு யாருல மாட்டுனா?”

யாரும் மாட்டவில்லை. காலையிலிருந்து வெறும் முள்ளைத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். வீசுவதற்கு முன்னால் என் முள்ளை நான் பார்த்ததே கிடையாது. அது ஹிஞ்சேவாடிக்காரன் வேலை.

நிக்டிக்காரன் அழுதான். அடக்கத்தில் அழாததையும் சேர்த்து அழுதான். எனக்கும் சேர்த்துத்தான் அவன் அழுதுகொண்டிருந்தான். ஓய்ந்ததும் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாவில் ஒரு கிள்ளு எடுத்து உருட்டி, என் நூலைத் தன் பக்கம் இழுத்தான்.

“இனிமே நாந்தான ஒனக்கு மாட்டணும்” என்றான்.

அதன் பிறகு இரண்டு தூண்டில்கள்தான் போட்டோம். ஒன்றும் சிக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் திரும்பினோம். மராட்டிக்காரர் கரையிலிருந்தே, மூணாவது ஆள் வரவே இல்லையா என்று குரல் கொடுத்தார்.

நிக்டிக்காரன் துடுப்பை நிறுத்தினான். “நாஹி” என்றான். பிறகு, “தோ வாரலா.”

இறந்துவிட்டான். தெளிவாக, தழுதழுக்காமல் சொன்னான். மராட்டிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை தூரம் வந்தது. வந்த வேலை முடிந்தது, அவன் மனைவிக்கு உடனே போன் செய்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

படகு கல்லோடு பக்கவாட்டில் அணைந்து நின்றது. நிக்டிக்காரன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் படகின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது. இருவரும் எழவில்லை.

“உத்ரா கீ” என்றார் மராட்டிக்காரர், இறங்குங்களேன் என்று.

அப்போதுதான் தெரிந்தது. நடுப்பலகைக்காரன் முதலில் இறங்கிப் படகைப் பிடிக்கட்டும் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன்.