நாற்பத்து மூன்றாவது சுற்று

சக்கர நாற்காலியோடு ரயில் ஏறுகிறவனுக்கு அந்தக் காலத்தில் ஒரே இடம்தான்: கடைசியில் இருக்கும் கார்டு பெட்டி. மற்றப் பெட்டிகளின் வாசலில் நாற்காலி நுழையாது. எனக்கும் தெரியும், போர்ட்டர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தர் முட்டி மோதிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். எழுபதுகளின் கடைசியில், ஒரு கத்திரி வெயில் நாளில், வெற்றிலைக் கூடைகளுக்கும் சைக்கிள் டயர் கட்டுக்கும் நடுவில் நானும் ஒரு சரக்காக வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனேன். அப்போது எனக்கு முப்பது வயது. எரிச்சலை மறைக்கத் தெரியாத வயது. இப்போதும் தெரியாது, அது வேறு விஷயம்.

பார்க்கப் போனது ஆஸ்பத்திரியில் கிடைத்த நண்பனை. நான் புளியமரத்திலிருந்து விழுந்தவன். அவன் பஸ் கூரையிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்தவன். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஒன்பது மாதம் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். எங்களைப் போன்றவர்களைக் கொல்வது உடைந்த முதுகெலும்பு அல்ல, படுக்கைப் புண். உட்கார்ந்த இடத்தில் சதை அழுகினாலும் எங்களுக்கு வலிக்காது. அதனால் வார்டில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒருவர் பின்புறத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். துணைக்கு ஆளில்லாத நாளில் கைக்கண்ணாடியைப் பிடித்துத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்கமெல்லாம் முதல் வாரத்தோடு போயிற்று. வீடு திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் நாங்கள் எழுதிக்கொண்ட தபால் கார்டுகளில் தொடர்ந்தது. பிள்ளையார் சுழிக்கு அடுத்த வரி, 'கண்ணாடி பார்த்தேன், சுத்தம்.' மழை, விலைவாசி, வம்பு எல்லாம் அதற்கப்புறம்தான்.

அவனுடைய கடைசி மூன்று கார்டுகளில் அந்த வரி இல்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்று யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதுகிற வரிதான் இருந்தது. மூன்றாவது கார்டில் 'நீ இப்போது வர வேண்டாம்' என்றும் எழுதியிருந்தான். என்னை வராதே என்கிற ஆளே இல்லை அவன். படித்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரயில் கண்ணமங்கலம், ஆரணி ரோடு என்று நின்று நின்று போனது. கால் மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி, உட்கார்ந்த இடத்துக்குக் கொஞ்சம் ஆசுவாசம் கொடுத்தேன். ரயில் கார்டு முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், போளூர் தாண்டியபோது, "சார், தூக்குங்க, நேரமாச்சு" என்று அவரே ஞாபகப்படுத்தினார். கொஞ்ச நேரத்தில் மலை தெரிந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஸ்டேஷன் வாசலில் என்னை ஒரு ஜட்காவில் ஏற்றி, நாற்காலியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். அடி அண்ணாமலை, மூணு சக்கர வண்டிக்காரர் வீடு என்றேன். ஜட்காக்காரர் கடிவாளத்தை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"அவரா! தெனம் கையாலயே வண்டிய மிதிச்சிக்கினு மலைய சுத்தறாருங்க. நாப்பத்தெட்டு நாள் வேண்டுதல். இன்னிக்கு நாப்பத்து மூணு. காலு வந்துட்டுதுங்க!"

"கால் வந்துட்டுதா?"

"அசையுதுங்க. என் சம்சாரமே போய்ப் பாத்துட்டு வந்தா."

ஒரு சுற்று எட்டு ஒன்பது மைல். அவன் வண்டியில் பலகை இருக்கை. மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். கால் அசைந்தது என்றால் குதிக்க வேண்டியவன் நான். ஆனால் வார்டு சிஸ்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னது காதில் ஓடியது. மரத்த கால் திடீரென்று அதிகமாகத் துள்ளினால் சாமி கும்பிடாதீர்கள், அடியில் எங்கே அழுகுகிறது என்று பாருங்கள் என்பார். அவனும் கேட்டான். கேட்டுவிட்டு, சரிங்க சிஸ்டர் என்று தலையாட்டினான்.

உச்சி வெயிலில் வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை மண்டியிருந்தது. மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண் மட்டும் பளபளத்தது.

"வாத்தியாரே!" என்றான். நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதால் எனக்கு அந்தப் பட்டம். "வராதன்னு எழுதினேனே. நடந்தே வந்து உன் வாசல்ல நிக்கலாம்னு இருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டியே."

கையைப் பிடித்தேன். சுட்டது.

"ஜுரம்டா உனக்கு."

"வெயில்ல சுத்தறேன் இல்ல, அதான். இத பாரு."

போர்வையை விலக்கினான். வலது கால் வெடுக்கென்று மடங்கி உதைத்தது. பிறகு இடது கால். அவன் மனைவி சுவரோரம் நின்று கைகூப்பினாள். எனக்குப் புகைக்கு அடியில் இருந்த வாடை தெரிந்தது. வார்டில் ஒரு முறை அறிந்த மூக்கு அதை மறக்காது.

"கண்ணாடி எங்க?"

"வேண்டுதல் முடியற வரைக்கும் பாக்கறதில்ல."

"ஏன்டா?"

"பாத்தா நிறுத்தணும்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன், எட்டவில்லை. கண்டபடி திட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டான். கடைசியில் அவனாகவே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ பாரு. பாத்துட்டு எங்கிட்ட சொல்லாத."

அவள் அவனைப் புரட்டினாள். மஞ்சளும் விபூதியும் அப்பிய துணியை மெல்ல எடுத்தாள். ஒரு கைமுட்டி நுழையும் பள்ளம். அதன் அடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது எலும்பு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணா, ஆறிடுமில்ல? நான் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தெனம் சொல்றேன். கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள்.

சாயங்கால ரயில் இருந்தது. அவனையும் அவளையும் அந்தக் கார்டு பெட்டியிலேயே வேலூருக்குக் கொண்டுபோயிருக்கலாம். இன்றைக்கே கிளம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவன் கால் மறுபடியும் உதைத்தது. என் கண் என் கால்களுக்குப் போனது. இரண்டும் நாற்காலியின் மிதிபலகையில், ஆறு வருஷமாக வைத்தது வைத்தபடி இருந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகிக்கொண்டிருந்த ஒருத்தனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதைவிட மோசமான ஒரு நினைப்பும் வந்தது. சிஸ்டர் சொன்னது தப்பாக இருந்தால்? இவனுக்கு நடந்தால், அடுத்த வருஷம் எனக்கும் நடக்கலாமே?

"அஞ்சு நாள்தானே பாக்கி. முடிச்சிட்டு வந்துடு" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே அவன் மனைவியிடம் சொன்னான். "கேட்டுக்கினியா? வாத்தியாரே சொல்லிட்டாரு."

அவள் முகத்தில் அதுவரை இருந்த பயம் போய்விட்டது. துணியைப் பழையபடி வைத்துக் கட்டினாள். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.

நாற்பத்தெட்டும் முடித்தான். கடைசி நாள் வண்டி தெரியாத அளவுக்கு மாலை போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மூன்றாம் நாள் வாடகைக் காரின் பின் சீட்டில் படுக்கவைத்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஆள் அனுப்பினார்கள், நானும் போனேன். அவனுக்கு நினைவு இல்லை. கால்கள் அசையாமல் கிடந்தன.

டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இத யாரு மொதல்ல பாத்தது? எப்ப பாத்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது சார். இப்பத்தான் வந்தேன்" என்றேன்.

அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பி டாக்டரைப் பார்த்தாள். "நாந்தாங்க பாத்தேன். இவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

இப்படியும் ஒரு பெண்சாதி இருப்பாளா, புருஷனை இப்படியா விடுவது என்று டாக்டர் அவளை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியம் அவன் இறந்தான். அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.